கீறல் விட்ட பாட்டில்

"முப்பத்தோராவது கேள்வி. கடைசி ஒரு மாசத்துல புதுசா எங்கயாவது வலி வந்துச்சா? முதுகு, இடுப்பு, விலா... எங்க வேணா."

நர்ஸ் காய்கறி விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள். எனக்கு இடது விலாவில் பதினாறு நாளாக வலி. கையைத் தூக்கினால் சுருக்கென்று குத்தும். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"இல்ல" என்றேன்.

அவள் டிக் அடித்துவிட்டு முப்பத்திரண்டுக்குப் போனாள்.

பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலப் பிள்ளைகளை வேறு டிரைவர் தலையில் கட்டிவிட்டு என்னோடு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று எல்லாம் பார்த்தாயிற்று. முடித்து நாளையோடு ஒரு வருடம். போன ஸ்கேனில் சுத்தம் என்றார்கள். ஆனால் எனக்கு வந்தது திரும்பி வர வாய்ப்புள்ள வகை. அப்படி வராமல் தடுக்குமா என்று ஒரு தடுப்பூசியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பில் நோய் இல்லாதவர்களைத்தான் சேர்ப்பார்கள். அதுவும் சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மூன்று வாரமாக யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று இழுத்தடித்தவள் நான்தான்.

என் தங்கச்சி போனில் சாமியாடிவிட்டாள். "போயும் போயும் சோதனை எலியா ஆகப் போறியாக்கா? பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணியைத்தான் போடுவாங்களாம்!"

"எலிகிட்ட யாருடி முப்பத்தாறு கேள்வி கேக்குறாங்க?" என்று வைத்துவிட்டேன்.

உப்புத் தண்ணீர் சமாசாரம் உண்மைதான். அன்று உள்ளே வந்ததும் வராததுமாக இவர் நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்தார். "எப்படியாவது நெஜ மருந்துப் பக்கம் போட்டுடுங்க மேடம்."

"எனக்கே தெரியாது சார். டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும்."

"இது என்ன மேடம் வைத்தியம், கண்ணைக் கட்டிக்கிட்டு?" இவருக்கு முகம் சிவந்துவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணைக் கட்டிக்கொள்வதுதான் என் தொழிலே. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். ஓடுகிற பெல்ட்டிலிருந்து முந்நூறுக்கு ஒரு பாட்டிலை எடுத்து, தண்ணீர் நிரப்பி, உடைகிறவரை அழுத்தம் ஏற்றுவேன். அங்கே என் பெயரை மறந்து வருடக்கணக்காகிறது. எல்லோருக்கும் நான் உடைசல் அக்கா. முந்நூறாவதாக எது வருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது.

நான் பொறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். லாரி வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் குதிக்கிறார். முந்நூறாவதாக வந்த பாட்டிலின் கழுத்தில் முடி மாதிரி ஒரு கீறல். இது எப்படியும் உடையும், எதற்கு வம்பு என்று குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அது தாங்கியது. சரக்கும் போய்விட்டது. பத்து நாள் கழித்து ஒரு கடையில் குளிர்பான பாட்டில் வெடித்து ஒரு பெண்ணுக்கு மூன்று விரலில் தையல் என்று செய்தி வந்தது. நான் செய்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியும், அது போதாதா?

"அவ்வளவுதான். மேல சொன்னதெல்லாம் உண்மைன்னு இங்க ஒரு கையெழுத்து." நர்ஸ் பேனாவை நீட்டினாள்.

வாங்கினேன். பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டேன். வெறும் சுளுக்காக இருக்கும், பெட்டி தூக்கியதில் பிடித்திருக்கும் என்று பதினாறு நாளாக எனக்கு நானே சொன்னதை இன்னொரு முறை சொல்லிக்கொண்டேன். ஒருவேளை அதுவாக இல்லாவிட்டால்? நோயை உள்ளே வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் ஊசியால் எனக்கு என்ன பிரயோஜனம்? ஊசி தோற்றது என்று அவர்கள் கணக்கில் ஒரு கோடு விழும். நான் போட வைத்த பொய்க் கோடு. எனக்குப் பின்னால் எத்தனை பெண்கள் அந்தக் கோட்டை நம்பி நிற்பார்கள்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

பேனாவை மூடினேன்.

"முப்பத்தொண்ணை மாத்துங்க. வலி இருக்கு. இடது விலாவுல."

"எத்தனை நாளா?"

"பதினாறு."

அவள் திட்டவில்லை. போனை எடுத்து ஸ்கேன் அறையில் இரண்டு வார்த்தை பேசினாள். "இப்பவே எடுத்துடலாம்மா. காலையில ரிசல்ட் வந்துடும். ஒண்ணும் இல்லைன்னா நாளைக்கே கையெழுத்துப் போடலாம். ஏதாவது இருந்தா இந்த ஊசி உங்களுக்கு இல்ல. வேற வைத்தியம் உடனே ஆரம்பிக்கணும்."

படிவம் இழுப்பறைக்குள் போனது. சாவி சுழலும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

ஸ்கேன் அறைக்குப் போகிற வழியில் நானே முந்திக்கொண்டேன். "திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. மனசுல வெச்சுக்க வேணாம்."

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு வாரமா நீ வலது பக்கமே படுக்குற. வேன்ல ஏறும்போது இடது கையால கம்பியைப் பிடிக்கிறதில்ல."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஒரு வார்த்தை கேக்கல? கல்லு மாதிரி இருந்திருக்கீங்க!"

அவர் சாவியைப் பையில் போட்டார். "கேட்டா நீ சொல்லிடுவியேன்னு பயம். சொல்லிட்டா உன்னைச் சேத்துக்க மாட்டாங்களே."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு பேரும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. இந்த முறை நான் பல்லைக் கடிக்கவில்லை. "ஐயோ, வலிக்குது" என்றேன் வாய்விட்டு.

அவர் ஸ்வெட்டர் கையை மெல்ல உருவி எடுத்தார். பதினாறு நாள் கேட்காததை அப்போது கேட்டார். "எங்க வலிக்குதும்மா?"

அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.