பீங்கான் இடுப்பும் வாய்க்கரிசியும்

1

அன்று பொரளை மலர்ச்சாலையின் உள்ளே இருந்தவர்கள்: இரத்தினசிங்கம், அவரைக் கூட்டிவந்த ஓட்டோக்காரர் பாயிஸ், இரத்தினசிங்கத்தின் மச்சாள் பாலேஸ்வரி, அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணனான நான்; சவப்பெட்டிக்குள், பாலேஸ்வரியின் புருஷனும் இரத்தினசிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணனுமான பாலசுந்தரம். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். உள்ளே நடந்ததைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களும் அவர்கள்தான். அதனால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "யுத்தகாலக் கொழும்பின் சோகம் கப்பிய ஒரு காலையில்—"

வேண்டாம். இது இடுப்பைப் பற்றிய கதை.

2006இல் இரத்தினசிங்கத்துக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். பந்தும் பீங்கான், அது உருளும் கிண்ணமும் பீங்கான். லேசில் தேயாது என்றார் டொக்டர். உடைவது அபூர்வம், சிலருக்குக் கீச்சிடும் என்றும் சொன்னார். இரத்தினசிங்கம் அந்தச் சிலரில் ஒருவரானார். திரும்பப் போய் முறையிட்டபோது, "வலி இல்லாவிட்டால் சத்தத்துக்காக வெட்டமாட்டேன்" என்றுவிட்டார் டொக்டர்.

(எங்கள் பரம்பரையில் யாரும் கீச்சிட்டதில்லை. "மெல்லிய ஓசை எழுந்தது" என்று எழுதிப் பார்த்தேன். அது வீணைக்குச் சரி.)

3

அவ்வருடமே மகளின் கலியாணம். சம்பந்திமாருக்கு முன்னால் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடக் குனிந்தார். கீச்.

"ஆரடாப்பா கதவுக்கு எண்ணெய் விடாமல் விட்டது?" என்றார் பாலசுந்தரம்.

மண்டபமே சிரித்தது. அதோடு தம்பி அண்ணனோடு கதைப்பதை நிறுத்தினார்.

4

இரண்டு வருடம் கழித்து, பாலசுந்தரம் இருந்தாற்போல் செத்துப்போனார். தம்பி வாய்க்கரிசி போடக் குனிந்தால் கீச்சிடும். குனியாவிட்டால், பிணத்தோடும் கோபம் என்று நாங்கள் இருக்கும் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லும்.

மலர்ச்சாலைக்கு வரும் வழியில், சோதனைச்சாவடியில் ஓட்டோவை விட்டு இறங்கும்போதே கீச்சிட்டது.

"மொகக்த ஏ சத்தே?" என்ன சத்தமென்று கேட்டான் ஆமிக்காரன். பாயிஸ் தன் ஓட்டோவின் பிரேக்கைக் காட்டினார்.

"என்ர மானத்தைக் காப்பாத்தினாய்," என்றார் இரத்தினசிங்கம், திரும்ப ஏறியதும்.

"என்ட பிரேக்குட மானம் போச்சே ஐயா!"

5

கையில் அரிசியோடு பெட்டியருகே நின்றார். குனியவில்லை.

"போடுங்கோ தம்பி."

"சத்தம் வரும், மச்சாள்."

"வரட்டும். அந்த மனுசன் உங்கட சத்தம் கேளாமல் ரெண்டு வருசம் இருந்தது."

குனிந்தார். கீச்.

(இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் தம்பி பெட்டிமேல் விழுந்து அழுகிறார். ஒன்றில் பீங்கான் உடைகிறது. டொக்டர் அபூர்வம் என்றதால் விட்டுவிட்டேன். மூன்றாவதில் எல்லோரும் மிகக் கண்ணியமாக—)

தம்பி மன்னித்தாரா, மன்னிப்புக் கேட்டாரா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் திருத்த வந்தது ஒன்றைத்தான். அந்தக் கீச்சுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வாசல்வரை கேட்டது. பிணம் சிரித்தது என்று வெள்ளவத்தையில் சொல்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் பிணங்கள் சிரிப்பதில்லை. சிரித்தது இரத்தினசிங்கம்.