பலகை படிக்கும் விளையாட்டு

ஊர் திரும்பிய அடுத்த நாள் காரைக் கழுவ உட்கார்ந்தேன். கால்மிதிகளை உதறியதும் உப்பு வெளியின் வெள்ளைத் தூளும் காட்டுப் பாதையின் செம்மண்ணும் கொட்டின. உள்ளே பிள்ளைகள் இருவரும் எங்கள் விடுமுறைப் பயணத்தின் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. நாளைக்குப் பள்ளி திறக்கிறது. என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

போகும்போது அவர்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினார். சாலையோரப் பலகையை முதலில் உரக்கப் படிப்பவருக்கு முன் இருக்கை. பெரியவளும் சின்னவனும் தொண்டை கிழியக் கத்தினார்கள். "வளைவு!" "குறுகிய பாலம்!" ஆள் அரவமே இல்லாத அந்த வெட்டவெளியில் எங்கள் கார் மட்டும் சந்தைக்கடையாக இருந்தது. பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டாலே விழிக்கிற மனுஷன் விளையாட்டெல்லாம் கண்டுபிடிக்கிறாரே என்று நான் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில், மலையில் ஒரு திருப்பம் தாண்டியதும் சாலை நடுவே பீரோ அளவுப் பாறை விழுந்து கிடந்தது.

"அப்பா, கல்லு!" என்று சின்னவன் அலறினான்.

பிரேக் போட்டார். கார் நின்ற பிறகு கேட்டார்: "எங்கடா?"

அப்பா கிண்டல் செய்கிறார் என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பலகை விளையாட்டு எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாறையை ஓரமாகச் சுற்றிப் போகும் முன்பே முன் இருக்கையை நான் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. போனிலும் சிக்னல் இல்லை. "இடப்பக்கம் பள்ளம், மெதுவா. எதிர்ல லாரி வருது" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வேறு நாளாக இருந்தால் "நீயே ஓட்டேன்" என்று எரிந்து விழுந்திருப்பார். அன்று "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். அந்த "ம்"தான் என்னைக் கொன்றது. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். கேட்டு, அவர் கை நடுங்கிவிட்டால்? வீடு வந்து சேரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரைக் கழுவி முடித்துக் கூடத்துக்குப் போனேன். அவர் வேன் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் மழுப்பவில்லை. "ஒரு வருஷமா மங்கலாத்தான் இருக்கு. பயப்படாத, நம்ம ரூட்டு எனக்கு மனப்பாடம்."

"ரூட்டு மனப்பாடம், சரி. குறுக்க ஓடிவர்ற குழந்தையும் மனப்பாடமா?"

"வேலை போயிடும்டி. சோத்துக்கு என்ன பண்ணுவோம்?"

"அதை அப்புறம் பாப்போம். இப்ப போன் பண்ணுங்க. இல்லன்னா நான் பண்றேன்."

பள்ளி மேனேஜரின் எண்ணை நானே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். கண் சரியில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். மேனேஜர் சிரித்துவிட்டார்.

"விடிஞ்சா ஸ்கூல்ப்பா. திடீர்னு ஆளுக்கு நான் எங்க போவேன்? நாளைக்கு ஒரு நாள் மட்டும் சமாளிச்சிடு. உனக்குத் தெரியாத ரோடா?"

அவர் சாவியை இறுக்கிப் பிடித்தார். சரி என்று சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"முடியாது சார்" என்றார். "எதிர்ல என் பொண்டாட்டி உக்காந்திருக்கா. அழறாளா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல."