வீடு திரும்பும் ஓக் இலைகள்

ஆல்டர் ஃபோர்ட் கல்லூரிக்குப் பின்தெருவில் இருக்கும் மாணவியர் சங்க வீட்டில் தங்கிப் படித்த பெண், உலகத்தின் எந்த மூலையில் இறந்தாலும், தந்தி வருவதற்கு முன்பே அவளுடைய சங்க பேட்ஜ் அந்த வீட்டுக்கு வந்துவிடும். முன்கூடத்து மேசையில், விருந்தாளிகள் பெயர்ச்சீட்டு வைப்பதற்காகப் போட்டிருக்கும் பித்தளைத் தட்டில் கிடக்கும். சுண்டுவிரல் நகத்தளவு தங்க ஓக் இலை. பின்பக்கம் சொந்தக்காரியின் பெயரெழுத்தும் சங்கத்தில் சேர்ந்த வருஷமும். யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் விசாரித்துப் பார்த்தார்கள். மினசோட்டாவில் பனி ஏன் பெய்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லையே, அதுபோல இதையும் பிறகு விட்டுவிட்டார்கள். தட்டைத் தூசி இல்லாமல் துடைத்து வைப்பது ஒன்றுதான் அவர்கள் செய்யக்கூடிய மரியாதை.

பேர் போன பெண்கள் பலர் அந்த வீட்டிலிருந்து போனவர்கள். அவர்களுடைய படங்கள் மாடிப்படிச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. அவர்களுடைய பேட்ஜுகளும் அவரவர் தொழிலின் வாசனையோடுதான் வந்து சேர்ந்தன. சீனாவுக்கு வைத்தியம் பார்க்கப் போனவளுடையது கற்பூர நெடியோடு வந்தது. பாலம் கட்டிய எஞ்சினியரம்மாவுடையது துரு ஏறி வந்தது. மேடைப் பாடகி ஒருத்தி இறந்தபோது தட்டு ஒரு நாள் முழுக்க ரீங்காரம் செய்து சமையல்காரிக்குத் தலைவலி வந்தது. மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவளுடைய பேட்ஜ் வந்ததும் பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டார்கள். சபையில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. பேசி முடித்து அவள் உட்காராமலே நின்றபோதுதான், இறந்து வெகுநேரமாகிறது என்பது மற்ற உறுப்பினர்களுக்கு உறைத்தது. கடைசி கால் மணி நேரம், இறந்த பிறகு, கிராமச் சாலைகளைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அந்தப் பகுதியில்தான் விஷயம் தெளிவாக இருந்தது என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்வரிசையில் இருக்கும் ஆண்கள் சங்கத்துப் பேட்ஜுகளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் கையில் பேட்ஜ் வந்த மாதமே யாராவது ஒரு காதலியின் சட்டையில் குத்திவிடுவார்கள். காதலி மாறுவாள், பேட்ஜ் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் அலையும். பெண்கள் அப்படி இல்லை, தங்கள் பேட்ஜைக் கழற்றி யாருக்கும் தருவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தாய் இருந்த சங்கத்திலேயே மகளும் சேர்ந்தால், தாய் தன்னுடையதைக் கழற்றி மகளுக்குக் குத்திவிடலாம். அதைவிடப் பெருமையான காட்சி அந்த வீட்டில் வேறில்லை என்பார்கள்.

தோரா லிண்ட்குவிஸ்டுக்கு அந்தப் பெருமை கிடைத்தது. அவள் 1917இல் சங்கத்தில் சேர்ந்தவள். கூடச் சேர்ந்த ஹெஸ்டர் க்ரால் பிற்பாடு நீதிபதியானாள், மேபல் ஓக்ஸ் அறுவை மருத்துவரானாள். தோரா தானியக் கிடங்கு மேலாளரைக் கட்டிக்கொண்டு, அவரைப் புதைத்துவிட்டு, நாற்பத்துமூன்றாவது வயதில் பெண்களுக்கு வார்டனாக அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வார்டன் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். மாம் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து அவளுடைய ஒரே மகள் சிக்னே அந்த வீட்டில் உறுப்பினரானாள். போர்க்காலம், நகைக்கடைக்காரர் புது பேட்ஜுக்குத் தங்கம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். "அதனால என்ன, என்னோடது சும்மாதானே கெடக்கு" என்று தோரா தன் நெஞ்சிலிருந்து கழற்றி மகளின் நெஞ்சில் குத்தினாள். ஊசி சிக்னேயின் தோலில் லேசாகப் பட்டது. அவள் முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரித்தாள்.

சிக்னேவுக்கு வேறு படிப்பு எதுவும் தலையில் ஏறவில்லை, விமானம்தான் ஏறியது. சோளக்காட்டு ஓரம் மருந்து தெளிக்கும் விமானத்தில் கற்றுக்கொண்டு, போர் முடிந்ததும் அலாஸ்காவுக்குப் போனாள். சாலை இல்லாத கிராமங்களுக்குத் தபாலும் மருந்தும் பல்வலிக்காரர்களும் அவள் விமானத்தில்தான் போய்வந்தார்கள். ஒரு பனிக்காலத்தில் ஆற்றின்மேல் இறங்கி ஒரு கர்ப்பிணியை ஏற்றினாள். மேலேபோகும்போதே பிரசவமாகி, பிறந்த குழந்தைக்குப் பிறந்த ஊர் என்று எழுத ஊர் இல்லாமல் மேகம் என்று எழுதினார்கள். பத்திரிகையில் அவள் படம் வந்தது. மாடிப்படிச் சுவரில் அவள் படம் ஏறியபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அவ்வளவு சின்ன வயதில் அந்தச் சுவரில் ஏறியவர்கள் இல்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் தோரா எல்லாருக்கும் ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பில் இரண்டாவது துண்டு வைத்தாள்.

1952 பிப்ரவரியில், தொண்டை அடைப்பான் நோய் பரவிய கடலோரக் கிராமத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டு கிளம்பிய சிக்னே போய்ச் சேரவில்லை. பனி விலகியபின் தேடினார்கள். கோடையிலும் தேடினார்கள். இறக்கைத் துண்டுகூட அகப்படவில்லை. பாதிரியார் எக்ப்ளாட் வந்து, தேவாலயத்தில் ஒரு பிரார்த்தனை வைத்துவிடலாமே அம்மா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எதுக்கு? பேட்ஜ் வரலையே" என்றாள் தோரா.

பாதிரியார் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. சட்டமன்றக்காரி விஷயத்திலேயே தட்டு பொய் சொல்லவில்லையே. அந்தப் பெண் எங்கோ எஸ்கிமோக்களோடு மீன் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள், காலோ கையோ ஒடிந்திருக்கும், ஒருநாள் நடந்தே வருவாள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். தோரா அழவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக யாராவது அழுவார்களா? ஆனால் விடிந்ததும் அவள் கால் முதலில் போகும் இடம் முன்கூடம்தான். தட்டில் ஏதாவது பேட்ஜ் கிடந்தால், உடனே அதைத் திருப்பிப் பின்பக்கத்து எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வேறு யாரோ என்று தெரிந்ததும், பாவம், அந்த வேறு யாரோவுக்காக வருத்தப்படுவதற்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் வரும். அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். இப்படி ஆறு வருஷத்துக்கு மேல் போயிற்று.

1958 இலையுதிர்காலத்தில் ஒரு சாயங்காலம், மார்லா என்ற புதுப்பெண் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய தாயும் பழைய உறுப்பினர். அடுத்த மாதம் தன் பேட்ஜை மகளுக்குக் குத்த வருவதாக இருந்தாள்.

"மாம், ஒரு சந்தேகம். எங்கம்மாவோடத நான் போட்டுக்கிட்டா, அது எப்ப இங்க வரும்? நான் செத்தா வருமா, எங்கம்மா செத்தா வருமா?"

கேட்டவள் வெகுளி. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டாள். மேசைத் தலைப்பக்கத்தில் இருந்த சங்கத் தலைவி ஆர்டிஸ் அவள் காலை மேசைக்கடியில் மிதித்தாள், ஆனால் வந்த வார்த்தை வந்துவிட்டது. தோரா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஈடாவின் ஞாபகம் வந்தது.

ஈடா, தோராவோடு சேர்ந்தவள். தாயில்லாதவள் என்பதால் சித்தி தன்னுடைய பேட்ஜை அவளுக்குக் குத்தியிருந்தாள். மறுவருஷம் பெரிய விஷக்காய்ச்சலில் ஈடா போய்விட்டாள். பெட்டியில் கிடத்தி உடுத்திவிட்டதே தோராதான். அந்த பேட்ஜோடுதான் புதைத்தார்கள். அப்போது தட்டுக்கு எதுவும் வரவில்லை. மண்ணுக்குள் இருப்பது எப்படி வரும் என்று இருந்துவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து, சித்தி டுலூத்தில் கண்ணை மூடிய அன்று, பேட்ஜ் ஈரமண்ணோடு தட்டில் கிடந்தது. சித்தியுடைய பேட்ஜ்தானே, சித்தி செத்தாள், வந்தது என்று எடுத்துத் துடைத்து வைத்தார்கள். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

சிக்னே போட்டுக்கொண்டு போன இலையின் பின்பக்கம் இருப்பது தோராவின் பெயரெழுத்து, தினமும் காலையில் அவள் தட்டில் தேடியதும் அதைத்தான். கொடுத்ததைக் கொடுத்ததாகவே நினைத்து, அது இன்னும் தன்னுடையது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். தட்டு பொய் சொல்லவில்லை. அது தோரா உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தியைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சிக்னேயைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் காப்பி தண்ணீராக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. தோரா படுத்தால் தூங்கமாட்டாள், எழுந்தால் நிற்கமாட்டாள். என் பிள்ளை வீட்டுக்கு வரும் வழியில் நானே குறுக்கே நிற்கிறேனே என்ற ஒரே நினைப்பு அவளை அரித்தது. சனிக்கிழமை காலை ஹெஸ்டருக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"ஹெஸ்டர், நான் சாகணும். நீ வந்து முடிச்சுக் குடு."

"ஏண்டி, காலங்காத்தால என்ன பேச்சு இது? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு. அதாண்டி தொல்லையே."

ஹெஸ்டர் மறுநாளே வந்தாள். வரும் வழியில் மேபலையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். தோரா சொன்னதை இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். சங்கத்தில் இறந்தவளுக்கு ஒரு சடங்கு உண்டு. வட்டமாக நாற்காலி போட்டு, அவளுடையதைக் காலியாக விட்டு, பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் அவள் போய்விட்டாள் என்று அர்த்தம். அதைத் தனக்குச் செய்துவிடச் சொன்னாள் தோரா. ஆர்டிஸ் பயந்துபோய், உயிரோடு இருக்கிறவங்களுக்குச் செய்ய விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாரும் நீதிபதியைப் பார்த்தார்கள்.

"ஒடம்பே இல்லாம, ஏழு வருஷம் காணோம்னா ஒரு ஆளைச் செத்ததா அறிவிக்கச் சட்டத்துல இடமிருக்கு" என்றாள் ஹெஸ்டர். "நானே எத்தனையோ பேருக்கு அறிவிச்சிருக்கேன். இங்க ஒடம்பு கண்ணெதிர ஒக்காந்திருக்கு. எனக்கு வேலை மிச்சம்."

மேபல் தோராவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "நாடி நல்லாத்தான் இருக்கு. சாவுக்குக் காரணம்னு என்னடி போடறது?"

"நீயே பாத்துப் போடு. பெரிய டாக்டர்னு பேர் வாங்கியிருக்க."

மேபல் கொஞ்சநேரம் கையை விடாமலே இருந்தாள். பிறகு இதயம் என்று போட்டாள். அது பொய்யில்லை என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம் சொன்னாள்.

சடங்கு அன்று பகலிலேயே நடந்தது. கூடத்தில் வெள்ளைச் செவ்வந்தி வைத்தார்கள். மார்லா அழுது அழுது மூக்கு சிவந்து கடைசி நாற்காலியில் இருந்தாள். இறந்தவள் வட்டத்துக்குள் உட்காரக்கூடாது என்பதால் தோரா வெளியே மாடிப்படியில், சிக்னே படத்துக்குக் கீழே, மடியில் கை வைத்து உட்கார்ந்தாள். ஹெஸ்டர் நடுவில் நின்று, நீதிமன்றத்தில் கூப்பிடும் குரலில், தோரா லிண்ட்குவிஸ்ட் என்று கூப்பிட்டாள். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், இதோ வந்தேன் என்று எழுந்து ஓடியவள் தோரா. கால் தானாக எழுந்தது. கைப்பிடியைப் பிடித்து அடக்கினாள். இரண்டாம் தடவையும் ஹெஸ்டர் முழுப்பெயரையே கூப்பிட்டாள். மூன்றாம் தடவை, நாற்பது வருஷத்துக்கு முன்பு விடுதி அறையில் கூப்பிட்டதுபோல, தோரா, என்று மட்டும் கூப்பிட்டாள். தோரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாய்க்குள் இரத்தம் கரித்தது. பதில் வரவில்லை.

அப்போது முன்கூடத்தில் தட்டு மெல்லச் சத்தமிட்டது.

இலை வந்திருந்தது. உள்ளங்கையளவு தோல் துண்டு ஒன்றையும் அது குத்தியபடியே கொண்டுவந்திருந்தது. விமானிகள் போடும் தோல்சட்டையின் நெஞ்சுப் பக்கம். இரண்டின்மேலும் வெள்ளை வெளேரென்று உறைபனி. கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தும் அது உருகவில்லை. மேபல் தொட்டுப் பார்த்தாள், உருகவில்லை. தோரா படியிறங்கி வந்து இரண்டு கையாலும் எடுத்ததும்தான் உருகியது. விரலிடுக்கில் வழிந்து தரையில் சொட்டியது. ஆறு வருஷமாக அழாதவள் அப்போது அழுதாள். என் தங்கமே, எவ்வளவு குளிர்லடி கெடந்தே, என்று அவள் கேட்டதை அந்த வீட்டில் அன்றிருந்த யாரும் மறக்கவில்லை. ஹெஸ்டர் அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நீதிபதியின் கறுப்புக் கோட்டு நனைந்துபோயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆர்டிஸ் தயங்கிக்கொண்டே வந்து, உறுப்பினர் பதிவில் சிக்னே பெயரையும் மறைந்தவர்களில் சேர்த்துவிடலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் தோரா. "ஒரு பேட்ஜுக்கு ஒரு சாவுதான். அதை நான் வாங்கிக்கிட்டேன். அவளை விட்டுடுங்க."

ஹெஸ்டரும் தலையாட்டினாள். அப்படியே எழுதப்பட்டது. தோரா லிண்ட்குவிஸ்ட் 1958இல் மறைந்தாள். மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து பெண்களுக்கு அப்பம் சுட்டாள். சங்கத்தின் பத்திரிகை அஞ்சலிப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டது. அப்புறம் பதினாலு வருஷம் இறந்தவளாகவே அந்த வீட்டை நடத்தினாள். வாக்கு போடப் போனபோதுகூட யாரும் ஆட்சேபிக்கவில்லை. இறந்தவர்களுக்குரிய மரியாதையோடு வழிவிட்டார்கள். 1972இல் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. மேபல் வந்து பார்த்துவிட்டு, புதிதாக எழுத ஒன்றுமில்லை என்றாள். அன்று தட்டுக்கு எதுவும் வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

சிக்னேவுக்கென்று சொந்தத்தில் ஒரு பேட்ஜ் இருந்ததே இல்லை. ஆகவே அவள் இறந்த செய்தி அந்த வீட்டுக்கு வர வழியே கிடையாது. இப்போது அவளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. சங்கத்திலேயே மூத்த உறுப்பினர் அவள்தான். அவளைப் பார்த்தே இராத பெண்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு வாழ்த்து அட்டை போடுகிறார்கள். முகவரி தெரியாததால் சிக்னே லிண்ட்குவிஸ்ட், விமானி, அலாஸ்கா என்று மட்டும் எழுதுகிறார்கள். இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.