பேரோடு ஆறு வரி

பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குள் டார்லின் அன்றுதான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தாள். நாளிதழில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை. "கிரிமினல் கோர்ட்டுல போயி உக்காரு, என்ன நடக்குன்னு பாரு, ஒரு செய்தியாவது கொண்டா" என்று செய்தி ஆசிரியர் செந்தூர்பாண்டி அனுப்பியிருந்தார்.

கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. வாய்தா, வாய்தா என்றே காலை கழிந்தது. ஒரு வழக்கில் சாட்சி வரவில்லை. இன்னொன்றில் வக்கீலையே காணோம். சினிமாவில் பார்த்ததுபோல யாரும் மேஜையைத் தட்டவில்லை, பாருங்கள். கொட்டாவி வருகிற நேரத்தில் டவாலி கூவினார்: "ஜுபைதா பீவி! ஜுபைதா பீவி!"

வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மா கூண்டில் ஏறினார். கல்யாண வீட்டில் சமைக்கப் போன இடத்தில் தங்கச் சங்கிலியை எடுத்துவிட்டார் என்று வழக்கு. வருஷக்கணக்காக இழுத்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை என்று நீதிபதி வாசித்தார். மின்விசிறிச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார்.

"எறங்குங்கம்மா, எல்லாம் முடிஞ்சிட்டு" என்றார் டவாலி.

டார்லினுக்கு மனசு பொங்கிவிட்டது. வராந்தாவில் ஓடிப் போய்ப் பிடித்தாள்.

"பேப்பர்ல இருந்து வாரேன்மா. பயப்படாதீங்க, ஒங்க பேரப் போட மாட்டேன். சமையல் வேலை பாக்குத பெண்ணுன்னு மட்டும் எழுதுதேன்."

நல்லது செய்வதாகத்தான் பிள்ளை நினைத்தாள். ஜுபைதா பீவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏன் போட மாட்டே? புடிச்சிட்டுப் போன அன்னைக்கு ஒங்க பேப்பர்லயே பேரு, வயசு, தெரு எல்லாம் போட்டீங்கள்லா? அதுக்கப்புறம் நெய்ச்சோறு ஆக்க ஒரு வீட்டுலயும் என்னையக் கூப்புடல. இப்ப யாரோ ஒரு பொம்பளன்னு எழுதுனா, அது நாந்தான்னு மேலப்பாளையத்துல எவளுக்கு வெளங்கும்?"

டார்லின் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பிறகு, "தெருப் பேரச் சொல்லுங்கம்மா" என்றாள். தன் போன் நம்பரையும் கொடுத்தாள்.

செந்தூர்பாண்டி போனில் சிரித்தார். "விடுதலையெல்லாம் யாரு வாசிப்பா? கொலை கேசு ஒண்ணும் வரலியா?"

"புடிச்சப்போ நாமளும் பேரோட போட்டிருக்கோம், அண்ணாச்சி."

செந்தூர்பாண்டி சிரிப்பை நிறுத்தினார்.

"நாலு வரி தாரேன்."

"பேரு, வயசு, தெருவுக்கே ரெண்டு வரி போயிரும் அண்ணாச்சி. ஆறு தாங்க."

"வந்து ஒரு வாரம் ஆகல, பேரம் பேசுதியே! சரி, ஆறு. அதுக்கு மேல ஒரு எழுத்து கூடாது."

மறுநாள் காலை டார்லினின் போன் அடித்தது.

"பாத்தேன், மவளே. சின்னதாத்தான் இருக்கு. ஆனா பேரு இருக்கு. அடுத்த தெருவுல ஒரு கல்யாணம் வருது. அந்த வீட்டு வாசல்லதான் பேப்பரோட நிக்கேன்."

"வேலை தருவாங்களாம்மா?"

"யாருக்குத் தெரியும்? இத்தன நாளா கேக்கவே வழியில்லாம இருந்துச்சு. இப்ப கேக்கலாம்லா?"

கதவைத் தட்டும் சத்தம். உள்ளேயிருந்து, "யாரு?" என்றது ஒரு குரல்.

ஜுபைதா பீவி தன் பேரைச் சத்தமாகச் சொன்னார். தாழ்ப்பாள் விலகுவது டார்லினின் காதில் விழுந்தது.