ஸ்டென்மோ மெமோரியல் கோப்பை

என் ஆத்துக்காரர் வெங்கிடேஷுக்குப் பந்தை நேராக உதைக்கத் தெரியாது. ஆனாலும் மலையாளச் சீமையில், இந்தக் கரமனையில், எங்கள் தெருக்காரர்களின் கால்பந்து கிளப்புக்கு அவர்தான் செயலாளர். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற பந்தயம் ஒன்று வருஷா வருஷம் நடத்துவார்கள். இந்த ஊரில் கோப்பை என்றால் அது செத்துப்போன யாராவது ஒருவர் பேரில்தான் இருக்கும். 'இன்னார் மெமோரியல் எவர்ரோலிங் டிராபி' என்று மைக்கில் அலறினால்தான் அதற்கு மதிப்பு. இந்த வருஷம் அப்படி ஒருவரும் அகப்படாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா நான் வாயைக் கொடுக்க வேண்டும்?

கழக்கூட்டத்தில் எங்கள் கம்பெனிக்கு வேலை தருகிறவர்கள் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள். அங்கிருந்து இங்கெர் என்ற அம்மாள் வந்திருந்தாள். அறுபதை நெருங்கும் வயது, அலட்டல் கிடையாது. என் டிபன் டப்பாவிலிருந்து உரிமையாகப் புளியோதரை எடுத்துச் சாப்பிடுவாள். அப்படிச் சாப்பிடும்போதுதான் ஒரு நாள் தன் அப்பா ஆர்வித் ஸ்டென்மோவின் கதையைச் சொன்னாள்.

பகலில் மர ஆலையில் வேலை, சாயங்காலம் ஆட்டம். இருபது வயதில் ஸ்வீடன் அணியில் முன்வரிசை ஆட்டக்காரர். முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். அதைப் பார்த்து இத்தாலியிலிருந்து ஒரு கிளப் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டு போய்விட்டது. வினை அங்கேதான். காசு வாங்கி ஆடுகிறவனுக்கு நாட்டு அணியில் இடமில்லை என்று அந்தக் காலத்தில் ஸ்வீடனில் ஒரு கட்டுப்பாடு. மனுஷர் இத்தாலியில் கோல் கோலாக அடித்தார், ஊரிலோ விலைபோனவன் என்று பேர் வாங்கினார். பிறகு உலகக் கோப்பை அவர்கள் நாட்டிலேயே நடந்தது, கட்டுப்பாட்டையும் தளர்த்தினார்கள். அதற்குள் அவருடைய முழங்கால் போய்விட்டது. திரும்பி வந்து அதே ஆலையில் மரம் அறுத்தார்.

"எங்கள் ஊரில் ஒரு சந்துக்குக்கூட அவர் பேர் இல்லை, சுப்ரியா," என்றாள் இங்கெர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். வெங்கிடேஷ் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"எடீ, கோப்பைக்குப் பேர் கெடைச்சாச்சு! அவர் பேர்ல டிராபி, பொண்ணே வந்து விளக்கேத்தறா. கரமனையே ஞெட்டிப் போயிடும், அசந்துடும், கேட்டியா? நீ அவாளைக் கூட்டிண்டு வந்தாப் போரும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். முப்பத்தொன்றில் பிறந்தவர் என்று போனில் தேடிப் பார்த்தாராம். அப்படியானால் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். கட்டின பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதோ? இங்கெர் தினமும் அப்பாவோடு பேசுவது எனக்குத் தெரியும். அது இவருக்கும் தெரியும், இந்தத் தடவை 'மெமோரியல்' இல்லாமல் வெறும் பேர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் நெரிசலில் கார் நின்றபோது இங்கெர் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா காலையிலேயே ஷேவ் பண்ணி, கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் வீடியோவில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்." தொண்ணூற்று நாலு வயசு மனுஷர்! எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். காரில் இருந்தபடியே பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மைதானத்தில் இறங்கினோம். மேடை நடுவில் ஆர்வித்தின் படம். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிற இளைஞன். படத்துக்குச் சந்தன மாலை. முன்னால் நிலவிளக்கு, ஊதுவத்தி, ஒரு தட்டு நிறைய உதிரிப் பூ. பின்னாலிருந்த ஃபிளெக்ஸில் 'மெமோரியல்' என்று ஆள் உயர மலையாள எழுத்து.

வெங்கிடேஷைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்னா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேள்! அவர் உசிரோட இருக்கார்!"

"யாரு?"

"படத்துல இருக்கறவர்!"

அவர் பந்தல் துணியை விலக்கிப் படத்தை எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்து நாலு வயசுடி..."

"அதுக்கு? செத்தே ஆகணுமா? மாலையை மொதல்ல கழட்டுங்கோ!"

"இத்தனை பேர் முன்னாடியா? கோப்பைலயும் வெட்டியாச்சே, மெமோரியல்னு. சுப்ரியா, அவாளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. மாலைன்னா மரியாதைன்னு சொல்லிடு. நான் உன் கால்ல வேணா விழறேன்."

அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. என் மண்டையில் வேறு நினைப்பே இல்லை. சந்துக்குக்கூடப் பேர் வைக்காத ஊரைவிட நாங்கள் மோசமாகிவிடுவோமே!

சொன்னேன். கூசாமல் சொன்னேன். "பெரிய ஆட்டக்காரர்களுக்கு இங்கே மாலை போடுவது வழக்கம்." இங்கெர் கண் கலங்கிவிட்டாள். நாங்கள் செய்வதைப் பார்த்து, தானும் இரண்டு கையாலும் பூவை அள்ளித் தகப்பன் படத்தின் முன்னால் தூவினாள். பெற்ற பெண், உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அப்புறம் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். திரையில் கிழவர் வந்தார். வெள்ளை முடி, கோட்டு, சிவந்த கன்னம். அவள் போனைப் படத்தின் பக்கமும், மாலையின் பக்கமும், விளக்கின் பக்கமும் மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். கிழவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிளப் தலைவர் சுவாமிதாஸ் மைக்கைப் பிடித்தார். அவரிடம் சொல்ல யாருக்கும் நேரமிருக்கவில்லை. "நம்மளை விட்டுப் பிரிஞ்ச மகா ஆட்டக்காரருக்காக எல்லாரும் எழும்பி ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்!"

மைதானமே எழுந்து நின்றது.

"என்ன இது?" என்று இங்கெர் கிசுகிசுத்தாள்.

"ஆட்டத்துக்கு முன்னால் பிரார்த்தனை," என்றேன்.

அவள் அதையே போனில் சொன்னாள். திரையில் கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு, மெள்ள மெள்ள எழுந்தார். எழுந்து தலை குனிந்து நின்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு முடியவே முடியாது போலிருந்தது. விசில் ஊதினதும் எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் கையை உயர்த்தி ஆட்டினார்.

வீட்டில் வெங்கிடேஷ் பயந்து பயந்து சொன்னார்: "உசிரோட இருக்கறவாளை செத்ததா சொன்னா ஆயுசு கூடும்னு சொல்லுவாளே..."

"வாயை மூடிண்டு சாப்பிடுங்கோ," என்றேன்.

மறுநாள் ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்காமலே இங்கெர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் ஊருக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். "இங்கெர், நான் உங்களிடம் பொய் சொன்னேன். அந்த மாலை..."

"தெரியும்," என்றாள் அவள். "ஹோட்டலுக்குப் போனதும் அப்பா சொன்னார். இத்தாலியில் அவர் தங்கியிருந்த வீட்டில், செத்துப்போன வீட்டுக்காரரின் படம் சுவரில் இருக்குமாம். முன்னால் பூவும் சின்ன விளக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுவாராம். நேற்று நான் போனைத் திருப்பினதுமே அவருக்குப் புரிந்துவிட்டது."

புரிந்த பிறகுமா அவர் அப்படி நின்றார்? கோப்பையில் 'மெமோரியல்' இல்லாமல் மாற்றி வெட்டித் தருகிறோம், இன்றைக்கே செய்கிறோம் என்று ஏதேதோ உளறினேன்.

"எதையும் மாற்ற வேண்டாம் என்று அப்பா நேற்றே சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்ச நாளில் அது தானாகவே சரியாகிவிடுமாம்." இங்கெர் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "எனக்குத்தான் ஆறவில்லை, சுப்ரியா. தெரிந்துமா எழுந்து நின்றீர்கள் என்று கேட்டேன். 'எனக்காக ஒரு மைதானமே எழுந்து நிற்கிறது, நான் எப்படி உட்கார்ந்திருப்பது?' என்றார்."

நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவளே என் டப்பாவைத் திறந்து, புளியோதரையைத் தட்டில் போட்டு, முதலில் என் பக்கம் நகர்த்தினாள்.