நிலம் தொடாத பண்டா

நிரோசினியின் பண்டா கார் நிலத்தைத் தொட்டு ஐந்து வருடமாகிறது. அதற்குள் பலெர்மோவில் பாணின் விலை இரண்டு தரம் ஏறிவிட்டது. காரைப் பார்க்க வருகிறவர்கள் மந்திரமா, காந்தமா என்று கேட்கிறார்கள். அவள் ஏன் இறங்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

சியாகுல்லியின் மந்தரின் தோடம்பழத் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு மண் ஓடுகளம் இருக்கிறது. தெருவில் ஓடி முடிந்த கார்களைத் தட்டி நிமிர்த்தி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வட்டமாக ஓட்டும் ஸ்டொக் கார் பந்தயம் ஞாயிறுகளில் அங்கே நடக்கும். மற்ற அணிகளுக்கு மெக்கானிக்குகள் இருந்தார்கள், உடுப்பு நிறைய விளம்பரங்கள் இருந்தன. நிரோசினியின் அணிக்கு மூன்று பேர் இருந்தார்கள். அவள் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின், வீட்டைத் துடைத்தாள். கணவன் கிருபன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சட்டி கழுவினான். கிருபனுடைய சின்னம்மா ஞானம்பிகை தோட்டத்தில் பழம் பறித்தார். வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு என்பதால் அணியும் அந்த நேரங்களில்தான் உயிரோடு இருந்தது. காரின் முன் பம்பர் யாரோ கழற்றி எறிந்த பல்கனிக் கம்பி. ரயர்கள் மற்ற அணிகள் மொட்டை என்று வீசியவை.

புது வாகனத்தை முதன்முதல் எடுக்கும்போது நாலு சக்கரத்தின் கீழும் தேசிக்காய் வைத்து நசிப்பது நம்மவர் வழக்கம். முதல் பந்தயத்தன்று தேசிக்காய் வாங்க மறந்துபோனார்கள். கொடி அசைக்கப் போகிறார்கள், கடைக்கு ஓட நேரமில்லை. ஞானம்பிகை தன் பையிலிருந்து நாலு மந்தரின் பழங்களை எடுத்தார்.

"எல்லாம் தேசி இனந்தானே, வையடா," என்றார்.

கிருபன் வைத்தான். கார் பழங்களின் மேல் ஏறியது. பழங்கள் நசியவில்லை. அவற்றை எடுத்த பிறகும் கார் அந்த உயரத்திலேயே நின்றது. மூவரும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்கள்.

"நல்லதாப் போச்சு, இனி ரயர் தேயாது," என்றான் கிருபன்.

நிலத்தில் பிடிப்பில்லாத காரை வள்ளம்போல உடம்பைச் சரித்துத்தான் திருப்ப வேண்டும். நிரோசினி பழகிக்கொண்டாள். ஆனாலும் யாராவது இலேசாக இடித்தாலே பண்டா மிதந்துபோய் வேலியில் முட்டியது. தோற்றுத் தோற்று இரண்டு வருடம் போனது. தோல்வி அவளை அவ்வளவாகச் சுடவில்லை. சுட்டது ஒலிபெருக்கி.

களத்தின் சொந்தக்காரர் ருஜேரோதான் ஒலிபெருக்கியில் பேசுவார். ஒவ்வொரு ஓட்டுநரின் பெயரையும் தகப்பன் பெயரோடு, பட்டப்பெயரோடு, பாடாத குறையாக வாசிப்பார். நிரோசினியின் முறை வந்தால் "லா பிலிப்பீனா" என்பார், பிலிப்பைன்ஸ்காரி என்று அர்த்தம். இந்த நகரத்தில் வீடு துடைக்கிற பெண் எந்த நாட்டவளானாலும் பிலிப்பீனாதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளும் பிலிப்பீனா, மொரீசியசிலிருந்து வந்தவளும் பிலிப்பீனா. என் பெயர் நிரோசினி கோபாலசிங்கம் என்று அவள் நேரே போய்ச் சொன்னாள். அது வாய்க்குள் நுழையாது என்றார். அதே வாய்க்குள் நகரத்து உதைபந்தாட்ட அணியின் போலந்துக்காரக் கோல்காப்பாளரின் பெயர் வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

பிறகு ஒரு மாசி மாத ஞாயிறு, மழையில் களம் சேறாகிவிட்டது. எல்லாக் கார்களும் அச்சுவரை புதைந்தன. சேற்றைத் தொடாத பண்டா முதலாவதாக வந்தது. வென்றவர் மேடைக்கு முன்னால் காரை நிறுத்திக் கிண்ணத்தை வாங்கினால்தான் பந்தயம் முடிந்ததாகக் கணக்கு. ருஜேரோ தொண்டையைச் செருமினார்.

"முதலிடம், லா பிலிப்பீனா!"

சனம் சிரித்தது. நிரோசினி மேடையைக் கடந்து போனாள். கிருபன் சேற்றில் காரோடு ஓடினான்.

"நிரோ, நிப்பாட்டுமப்பா! வெண்டாச்சு!"

"என்ர பேரைச் சொல்லச் சொல்லுங்கோ. சொல்லுமட்டும் நான் நிப்பாட்ட மாட்டன்."

கிருபன் மேடைக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்தான். "அந்தாள் சொல்லமாட்டுதாம்."

"அப்ப நானும் ஓடுறன்."

கோபம் ஏற ஏறக் காரும் ஏறியது. பின்னேரம் வேலிக்கு மேலே போய்விட்டது, அடுத்த கிழமை கூரை உயரத்தில் சுற்றியது. பெற்றோல் முடிந்ததைக் கார் பொருட்படுத்தவில்லை. அவள் நித்திரை கொண்டாலும் தன்பாட்டில் வளைவுகளில் திரும்பியது. பழம் பறிக்கும் நீளத் தடியில் கிருபன் சோற்றுப் பார்சலைக் கட்டி நீட்டினான். சிஞ்ஞோரா டாக்சியில் வந்து, வெள்ளி முள்ளுக்கரண்டிகளை எங்கே வைத்தாய் என்று கீழே நின்று கேட்டுவிட்டுப் போனார்.

நகரம் அவளுக்காக எவ்வளவோ செய்தது. அவள் போகும் வழியில் மின்கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். இரண்டு பைன் மரங்களைத் தறித்தார்கள். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி ஏணியோடு வந்து, அவளுடைய முழுப் பெயரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் கூப்பிட்டு, விரல் அடையாளம் எடுத்துக்கொண்டார். அவருடைய வாய்க்குள் நுழைந்தது. ருஜேரோவிடம் கெஞ்சியவர்கள், மிரட்டியவர்கள், வைன் போத்தலோடு போனவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். வேலைக்காரி சொல்லி நான் கேட்பதா என்பதுதான் அவருடைய ஒரே நியாயம். நல்ல மனிதர், கொஞ்சம் பிடிவாதம் என்கிறார்கள். அந்தக் கதையை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

அந்தப் பந்தயம் முடியாததால் அங்கே முதலிடம் இன்னும் அவளிடமிருந்து காலியாகவில்லை, வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. கொஞ்ச நாள் தடுமாறினார்கள், பிறகு அதற்கும் வழி கண்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் கீழே கார்கள் இடித்துக்கொண்டு ஓடுகின்றன, மேலே பண்டா சுற்றுகிறது. மேடையில் உயரமான படி வெறுமையாக இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதுமில்லை. கடைசிக் கொடி விழுந்ததும் ருஜேரோ ஒலிபெருக்கியை எடுத்து, ஒரு தரம் மேலே பார்த்து, மூச்சை இழுத்து, "இரண்டாமிடம்" என்று தொடங்குகிறார். சனம் கைதட்டுகிறது. நிரோசினி கியரை மாற்றுகிறாள்.