இரட்டைப்படைப் பக்கங்கள்

அக்கா, முதலில் இதைப் படித்துவிடு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. இந்த மாதக் கடைசியோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து நான் பேசப் பேச போனே எழுத்தாக்கிக்கொள்கிறதே, அப்படித்தான் இதை எழுதுகிறேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் வியாழக்கிழமை சொன்ன மாதிரி "நல்லாப் போச்சுக்கா" என்று மறுபடியும் சொல்லிவிடுவேன் என்று பயம்.

நான் டீச்சரக்கா என்று சொல்வேனே, அவர்தான் இதற்குக் காரணம். இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில், ஆசிரியர் அறையில் டப்பாவைத் திறக்கத் தெரியாமல் நான் திணறிக்கொண்டிருந்தபோது, "மூடிய திருப்பாதப்பா, அமுக்கு" என்று தமிழில் சொன்னவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தம்பி. நான் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது வரை அவரைக் கேட்டுத்தான் செய்தேன். உன்னைக் கூப்பிடும் அதே வாயால் அவரையும் கூப்பிட்டேன் என்று நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

இந்தப் பருவத்தில் எனக்குக் கொடுத்த பாடம் ஒரு மர்ம நாவல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் இரண்டு சிநேகிதர்கள், ஒரு பெண், ஒரு பையன். மூழ்கிய கப்பலுக்குள் ஏதோ ஒளித்துவைத்திருக்கிறது. கீழே யாரும் தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். இறங்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுச் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் உபரியாக ஒரு வாய்க்குழாய் இருக்கும். அது தனக்கல்ல, ஜோடிக்கு. ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்துத் தொண்டைக்குக் குறுக்கே இழுத்துக் காட்ட வேண்டும். பார்த்தவர் தன் உபரிக் குழாயை நீட்ட வேண்டும். பேசவே முடியாத இடம் அல்லவா, கை சொன்னதை நம்பித்தான் உயிர்.

எனக்கு நீச்சலே தெரியாது, உனக்குத் தெரியும். பாடத்தை எப்படி நடத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். ஒருத்தர் கையில் ஒற்றைப்படைப் பக்கங்களின் நகல், இன்னொருத்தர் கையில் இரட்டைப்படைப் பக்கங்கள். மாற்றிப் படிக்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். ஜோடி உண்மையாகப் படித்தால்தான் கதை தெரியும். முதல் நாளே ஒருத்தன் இல்லாத பக்கத்தை இட்டுக்கட்டி, கப்பலில் இருந்த எல்லாரையும் சுறா தின்றுவிட்டதாகப் படித்தான். அவன் ஜோடி, ஜன்னலோரம் உட்காரும் பெண், நிஜமாகவே அழுதுவிட்டாள். அன்றிலிருந்து அவன் பெயர் சுறா. வகுப்பே அந்த நாவல்மேல் பைத்தியமாகிவிட்டது.

இங்கே நகல் எடுக்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்துக்கு இத்தனை தாள் என்று கணக்கு உண்டு. இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு என் பங்கு போதாது. டீச்சரக்காதான் சொன்னார்: "ஒற்றப்படை நீ எடு, ரெட்டப்படைய நான் எடுத்துத் தரேன். ரெண்டு பேரும் ஜோடி." தொண்டைக்குக் குறுக்கே கையை இழுக்கும் சைகை எங்கள் விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆசிரியர் அறையில் பால் தீர்ந்தால் அவர் அப்படிக் காட்டுவார். தலைமையாசிரியர் என்னைப் பிடித்துவைத்துப் பேசினால் நான் காட்டுவேன். உடனே வந்து, "சார், இவன் எனக்குக் கொஞ்சம் வேணும்" என்று மீட்டுக்கொண்டு போவார்.

போன திங்கட்கிழமை காலை அவரே சொன்னார், "வியாழக்கிழமை தலைமையாசிரியர் உன் வகுப்பப் பாக்க வராரு. அது சும்மா சம்பிரதாயம்டா. வேலை உனக்குத்தான்னு முடிவாயிடுச்சு. வீட்ல சொல்லிடு, பாவம் அவங்களாவது நிம்மதியாத் தூங்கட்டும்."

அதை நம்பித்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீயும் ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மேலே படிக்கிறேன் என்றாய். இரண்டு அறை உள்ள வீடு பார்க்கச் சொன்னாய். நானும் மூன்று வீடு பார்த்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மூன்றாம் பாட வேளை. தலைமையாசிரியர் கடைசி வரிசையில் ஒரு படிவத்தோடு உட்கார்ந்தார். டீச்சரக்கா அவருக்குப் பக்கத்தில். கையில் ஒரு குறிப்பேடு மட்டும்தான் இருந்தது. இரட்டைப்படைப் பக்கங்கள் இல்லை. நகல் எடுப்பதற்காக என் புத்தகத்தையும் அவரிடம்தான் கொடுத்திருந்தேன்.

பன்னிரண்டு பேர் அன்றைய பகுதியின் முதல் பக்கத்தைப் படித்து முடித்தார்கள். அந்தப் பெண்ணின் காற்றுமானியில் முள் சிவப்புக்குப் போகிறது, அவள் திரும்பிச் சிநேகிதனைப் பார்க்கிறாள், பக்கம் முடிந்தது. மற்ற பன்னிரண்டு பேரும் வெறுங்கையோடு என்னைப் பார்த்தார்கள்.

டீச்சரக்காவைப் பார்த்தேன். என்னையறியாமல் என் கை தொண்டைக்குக் குறுக்கே போனது.

அவர் பார்த்தார், அக்கா. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கண் முதலில் என் கைக்கு வந்தது. அப்புறம் குனிந்து குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

பிள்ளைகளும் என் கையைப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சைகை தெரியுமே. சுறாதான் எழுந்தான். காலிக் கையைத் தாள் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, "ரெண்டாம் பக்கம் நான் படிக்கிறேன் சார்" என்றான். இல்லாத பக்கத்தைப் படித்தான். சுறா வரவில்லை. சிநேகிதன் நீந்தி வந்து தன் உபரிக் குழாயை அவளிடம் நீட்டினான். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். எந்தப் பக்கத்திலும் சிநேகிதன் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை.

தலைமையாசிரியர் எழுதியது இரண்டே வரி. பாடப்பொருள் இல்லாமல் வகுப்புக்கு வந்திருக்கிறார். ஆயத்தம் போதாது.

வெளியே வந்ததும் டீச்சரக்கா என் தோளைத் தட்டினார். "மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சுடா, என்ன பண்றது. உன் புத்தகம் அலமாரில இருக்கு, எடுத்துக்கோ."

நானும் நம்பினேன். இயந்திரம்தானே, மாட்டும். அந்த நிமிஷம் அவருக்காக வருத்தப்பட்டேன்கூட.

அலமாரியைத் திறந்தேன். என் புத்தகம் இருந்தது. அதற்கு அடியிலேயே இரட்டைப்படைப் பக்கங்கள், பன்னிரண்டு கட்டு. அழகாகப் பின் அடித்து, மூலையில் பென்சிலால் ஜோடி எண் போட்டு. ஒளித்துக்கூட வைக்கவில்லை. ஒழுங்காக ஒளித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் பார்த்தாலும் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

கட்டுகளைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன். பேனாவை மூடினார்.

"பாத்துட்டியா" என்றார்.

"மாட்டிக்கிட்ட பேப்பரு."

"கிண்டல் பண்ணாத, உக்காரு."

நான் உட்காரவில்லை.

"இருக்கறது ஒரே எடம்தான்டா. ஒண்ணு நீ, இல்ல நானு."

"எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமைதான வீட்ல சொல்லிடுன்னீங்க?"

"அது காலைல. எனக்குத் தெரிஞ்சது சாயங்காலம்." கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியில் துடைத்தார். "பதினோரு வருஷமா தற்காலிகம். வருஷா வருஷம் கையக் கட்டிட்டு நிக்கறேன். உனக்கென்ன, சின்னப் பையன். வேற எடம் கிடைக்கும்."

"கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேன்க்கா."

"குடுத்திருக்க மாட்ட" என்றார். கோபமே இல்லாமல், மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம் இல்லையா.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிவிட்டார்கள். இடம் அவருக்கு. அதற்குப் பிறகும் எனக்கு அந்த வகுப்பு இருந்தது. உண்மையான பக்கத்தைப் பிள்ளைகளிடம் படித்தேன். நாவலில் சிநேகிதன் அவள் சைகையைப் பார்க்கிறான், விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான்.

ஜன்னலோரப் பெண் கேட்டாள்: "அவன்கிட்ட காத்து இருந்துச்சா சார்?"

"இருந்துது."

"எவ்வளவு?"

"பாதி."

"பாதி ரெண்டு பேருக்குப் போதுமா?"

"அது புத்தகத்துல இல்ல" என்றேன்.

சுறா பின்னாலிருந்து, "போதுமோ போதாதோ, வெளக்க ஏன் சார் அணைச்சான்?" என்றான்.

அன்று மாலை டீச்சரக்கா இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். ஒன்றை என் பக்கம் தள்ளி, "தப்பா எடுத்துக்காத தம்பி" என்றார். "தம்பின்னு கூப்பிடாதீங்க டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கோப்பையைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து அதற்காகவும் அழுதேன், அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை நீ கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் உன்னை நம்பவைத்தது டீச்சரக்கா இல்லை, நான். அந்தக் கடிதத்தை நீ எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னைத் திட்டு. அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

துணி காய்ந்துவிட்டது, ஒரு அம்மா இயந்திரத்துக்காக நின்றுகொண்டிருக்கிறார். இதைப் படித்ததும் அந்தக் கடிதத்தைக் கிழித்து, கிழித்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. சரிடா, கிழிச்சிட்டேன் என்று மட்டும் பதில் போடாதே. கோபித்துக்கொள்ளாதே அக்கா. நீ சொன்னால்கூடக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் போல இருக்கிறது, இப்போதைக்கு.